எந்த மேசைக்கு எந்த இழுப்பறை

"இது எந்த வீட்டுப் பொண்ணு? யாராவது சொல்லுங்கப்பா!"

தரகர் ஓர் இழுப்பறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பட்டறையின் நடுவே நின்று கத்தினார். அதன் அடியில் சாக்பீஸால் எழுதியிருந்த எண் பாதி அழிந்துபோயிருந்தது. பதினேழா, பதினொன்றா? பதினேழாம் மேசையில் செருகிப் பார்த்தார். வாயிலேயே முட்டிக்கொண்டு நின்றது. பதினொன்றாம் மேசையில் செருகினார். சுலபமாக உள்ளே போய்க் கடகடவென்று ஆடியது.

"பதினாலா இருக்கும்ணே," என்றது ரம்பத்தின் பக்கமிருந்து ஒரு குரல்.

"பதினாலுக்குக் காலையிலேயே கல்யாணம் முடிஞ்சு போச்சுடா!"

பட்டறையே சிரித்தது. அது ஒரு குடும்பப் பட்டறை. அங்கே எழுது மேசைகள் செய்தார்கள். ஒரு மேசைக்கு இரண்டு இழுப்பறைகள். ஆனால் ஒரு மேசைக்காகச் சீவிய இழுப்பறை இன்னொரு மேசைக்குள் போகாது. ஒவ்வொன்றையும் அதனதன் மேசையின் வாய்க்கு ஏற்றபடி இழைப்புளியால் சீவிச் சீவிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணை எழுதி வைக்க வேண்டும். இந்த ஜோடி சேர்க்கும் வேலைக்குப் பட்டறையில் கல்யாணம் என்றே பெயர். அதைச் செய்தவர் குடும்பத்தின் இரண்டாவது அண்ணன். அதனால் அவர் தரகர். அவர் விரல் நுனியால் பலகையின் ஓரத்தைத் தடவினாலே எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட விரல் பட்டறையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த தங்கை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வயது முப்பத்திநான்கு, இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டு மாதமாக அவளை எல்லாரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த தெருவில் இருந்த தொழிற்பயிற்சிக் கூடத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கென்று நடந்த அளவும் வரைபடமும் வகுப்பில் அவள் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மதியம் இரண்டிலிருந்து நான்கு. போய் வந்த நாள் முதலாக வாயைத் திறந்தால் "ஒரு மில்லி கூட, ஒரு மில்லி குறைச்சல்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வகுப்பில் இடம் கிடைப்பது லேசில்லை. மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய இடம் அது. ஒரே ஒரு நிபந்தனை: தொடர்ந்து ஐந்து நாள் வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேமுக்காலுக்கு அவள் கைகழுவிக்கொண்டிருந்தபோது பட்டறையை நடத்தும் பெரியண்ணன் வந்து குழாயடியில் நின்றார்.

"இன்னைக்கு எங்கேயும் போகாதே."

"ஏண்ணே?"

"நானூறு மேசை. புது ஆபீஸ் கட்டடம் ஒண்ணு கேட்டிருக்காங்க. மூணு வாரம்தான். பதினெட்டு நாள் வேலை. தினமும் இருபத்திமூணு மேசை வெளியே போகணும். நாம இப்ப எத்தனை பண்றோம்?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது பேரு, பத்தொன்பது மேசை. இதுல நீ வேற தினம் ரெண்டு மணி நேரம் கம்பி நீட்டினா எப்படி? இந்த வேலை முடியட்டும், அப்புறம் போய்க்கோ."

"அதுக்குள்ள என் பேரை அடிச்சிடுவாங்கண்ணே."

"அடுத்த தடவ சேர்ந்துக்க."

"அடுத்த தடவைன்னா இன்னும் மூணு வருஷம்."

பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அதுதான் சிக்கலே. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பட்டறையில் நான்கே பேர்தான் இருந்தார்கள். பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று, தங்கைகளுக்கு ஆயிற்று, மாப்பிள்ளைகள் வந்தார்கள், சித்தப்பா குடும்பம் வேலை தேடி வந்தது, சின்னவர்களாக இருந்தவர்கள் வளர்ந்து ஆளானார்கள். வந்த ஒருவரையும் அவர் போ என்று சொல்லவில்லை. "கை கூடினா மேசை கூடும்" என்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு பெஞ்சு, ஒரு பென்சில், ஒரு வேலை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் அப்படியே. மில்லியே எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. அன்றைக்கு நான்கு பேர் எட்டு மேசை செய்தார்கள், இன்றைக்குப் பத்தொன்பது. கூடித்தானே இருக்கிறது? ஆனால் மில்லி போன வாரம் ஒரு பழைய உப்புத்தாளின் முதுகில் இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். நான்கு பேர் எட்டு மேசை என்றால் ஆளுக்கு இரண்டு. பத்தொன்பது பேர் பத்தொன்பது மேசை என்றால் ஆளுக்கு ஒன்று. அதே கொட்டகை, அதே மரம், அதே மேசை. யாரும் சோம்பி உட்காரவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத்தான் உழைத்தார்கள். அப்படியானால் ஆளுக்கு ஒரு மேசை எங்கே காணாமல் போயிற்று?

அந்தக் கேள்வி அவள் தலைக்குள் ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தது. இப்போது வகுப்புக்குப் போக முடியாமல், ஈரக்கையோடு பட்டறைக்குள் திரும்பி வந்து, எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்ற கோபத்தில் நின்றபோது அவள் கண் அடையாளம் போடும் பெஞ்சுகளின் மேல் விழுந்தது.

அங்கே ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து பலகைகளில் அளவுக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இழுப்பறையின் முகப்புப் பலகைக்கு ஒரு மாதிரிப் பலகை உண்டு. வாசலருகே ஆணியில் தொங்கும். அதை எடுத்துப் புதுப் பலகையின் மேல் வைத்து, ஓரத்தை ஒட்டிப் பென்சில் இழுத்து, கோட்டுக்கு வெளியே அறுக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் ஆணியில் தொங்கும் மாதிரி ஒன்றே ஒன்று. ஆறு பேர் அதற்காக எழுந்து நடந்து வரிசையில் நிற்பதா? பக்கத்தில் இருப்பவர் அறுத்து வைத்த பலகையை எட்டி எடுத்து அதை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். அவருடையதை அடுத்தவர். அடுத்தவருடையதை அதற்கும் அடுத்தவர். சித்தப்பா மகன் அவசரம் இதில் கில்லாடி. அவன் நிஜப் பெயரை அவன் அம்மாவே மறந்திருப்பாள். எதற்கும் காத்திராதவன்.

மில்லி கடைசியில் இருந்த அவன் பெஞ்சின் பலகையை எடுத்தாள்.

"அக்கா, அது எனக்கு வேணும்!"

"ஒரு நிமிஷம் இருடா." ஆணியில் தொங்கிய மாதிரியைக் கழற்றினாள். முதல் பெஞ்சிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து இரண்டு என்று எடுத்தாள். ஐந்தையும் சுவரோரம் தரையில் நிறுத்தி, ஒரு பக்கத்தை ஒரே கோட்டில் தட்டிச் சேர்த்தாள். மறுபக்கத்தைப் பார்த்தாள்.

படிக்கட்டு.

மாதிரியைவிட முதலாவது கொஞ்சம் நீளம். அதைவிட அடுத்தது. கடைசிப் பலகை, அவசரத்தின் பலகை, மாதிரியைவிட ஆறு மில்லிமீட்டர் நீளம். யாரோ வேண்டுமென்றே செதுக்கி வைத்ததுபோல அவ்வளவு ஒழுங்கான படிக்கட்டு.

மில்லி பென்சிலை எடுத்துப் பலகையில் ஒரு கோடு இழுத்து ஸ்கேலை வைத்தாள். மழுங்கின தச்சுப் பென்சிலின் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன். மாதிரிக்கு வெளியே கோடு, கோட்டுக்கு வெளியே அறுப்பு. அப்படியானால் ஒவ்வொரு நகலும் தன் தாயைவிட ஒரு கோட்டளவு பெரிது! பன்னிரண்டு கை மாறினால் ஆறு மில்லி. நான்கு பேர் இருந்தபோது எல்லாரும் ஆணியில் தொங்கியதைத்தான் எடுத்தார்கள். எல்லாப் பலகையும் ஒரே ஒரு கோட்டளவுதான் கூடின, எல்லாம் ஒரே மாதிரி கூடின. ஆள் பெருகப் பெருக நகலின் நகல், அதன் நகல். மேசையில் இழுப்பறை நுழையும் வாயின் அளவைத் தீர்மானிக்கும் நடுச்சட்டத்துக்கும் இதே கதிதான். பெருத்த மேசை, இளைத்த மேசை, பெருத்த இழுப்பறை, இளைத்த இழுப்பறை. இத்தனையையும் ஜோடி சேர்க்கத் தரகர் ஒருவர், அவர் கையில் ஓர் இழைப்புளி. காணாமல் போன மேசைகள் எல்லாம் அவர் காலடியில் மரச்சீவலாகக் கிடந்தன!

"அண்ணே! பெரியண்ணே! ஓடி வாங்க!"

ரம்பத்தில் யாரோ விரலை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பெரியண்ணன் தலைதெறிக்க ஓடி வந்தார். பின்னாலேயே எல்லாரும். பெரியண்ணனின் மனைவி, அண்ணி, பசை டப்பாவோடு வந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. இங்க பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். விரலை மாதிரியின் மேல் வைத்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போனார். கடைசிப் படியில் விரல் நின்றது.

"இது யாரு பண்ணது?"

அவசரம் பின்னால் நகர ஆரம்பித்தான்.

"அவன் பண்ணலண்ணே. நாம எல்லாரும் சேர்ந்துதான் பண்ணோம். யார் மேலயும் தப்பு இல்ல, ஆளுக்கு ஒரு பென்சில் கோடுதான். ஆனா நாம இத்தனை பேரு." அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "இன்னும் நாலு பேரைக் கொண்டுவந்து உட்கார வைங்க, இன்னும் ரெண்டு மில்லி கூடும். சின்னண்ணன் இன்னும் சீவணும். மேசை கூடாதுண்ணே, சீவல்தான் கூடும்!"

"சரி, மாதிரியை ஆறா பண்ணிடுவோம். தலைக்கு ஒண்ணு," என்றார் பெரியண்ணன்.

"எதை வச்சுப் பண்ணுவீங்க? இதை வச்சுத்தானே? அப்புறம் ஒரு மாசத்துல ஓரம் தேயும், ஒண்ணு உடையும், உடைஞ்சதுக்குப் பக்கத்துல இருக்கறதை வச்சு இன்னொண்ணு பண்ணுவோம். மாதிரியே வேண்டாம்ணே. ரம்ப மேசையில ஒரு தடுப்புக் கட்டை வச்சிடலாம். கட்டையில முட்டுற வரைக்கும் பலகையைத் தள்ளணும், அறுக்கணும். நூறு பலகை அறுத்தாலும் நூறும் ஒரே அளவு. கோடு போடவே வேண்டாம்."

"அப்போ கட்டையை எங்க வைக்கிறதுன்னு எப்படித் தெரியும்?"

"அங்கதான் ஸ்கேல் படிக்கத் தெரியணும்."

எல்லாருடைய கண்ணும் சுவரில் மாட்டியிருந்த இரும்பு ஸ்கேல்களின் மேல் போயிற்று. பத்தொன்பது பேருக்கும் ஸ்கேல் உண்டு. நேர்க்கோடு போட, முதுகு சொறிய, பசை டப்பாவின் மூடியை நெம்ப. அதிலிருந்த சின்னக் கோடுகளை யாரும் படித்ததில்லை. "பதினாறு விரக்கடையும் ஒரு நூலும்" என்று விரல் அகலத்தையும் பழைய நூல் கணக்கையும் வைத்துத்தான் அளவு சொல்வார்கள். அந்த ஒரு நூலை ஆளுக்கு ஒரு விதமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் எல்லாரையும் என்கிட்ட விடுங்க," என்றாள் மில்லி. "வியாழன் ஒரு மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பாருங்க. இருபத்திமூணு மேசை, இழுப்பறையோட, வெளியே போயிருக்கணும். போயிருந்தா திங்கக்கிழமை நான் வகுப்புக்குப் போறேன். இல்லேன்னா நானே பேரை அடிச்சிக்கிறேன்."

"ரெண்டு மணி நேரம், பத்தொன்பது பேரு," பெரியண்ணன் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "முப்பத்தெட்டு மணி நேரம் போச்சேம்மா! இருக்கற அவசரத்துல!"

"கூப்பிட்டீங்களாண்ணே?" என்றான் அவசரம்.

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "இப்படியே விட்டாலும் இருபத்திமூணு வராதுங்க. எப்படியும் வராதப்ப, ரெண்டு நாள் அவ சொல்றதைக் கேட்டுத்தான் பாருங்களேன்."

புதன்கிழமை காலை ரம்பங்கள் ஓடவில்லை. பட்டறையில் அந்த நேரத்தில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதே இல்லை. பலகைகளின் மேல் எல்லாரும், ஆளுக்கு ஒரு ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மில்லி தன் ஸ்கேலை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"பெரிய கோட்டுக்கும் பெரிய கோட்டுக்கும் நடுவுல எத்தனை சின்னக் கோடு?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குக்கா," என்றான் அவசரம். "எண்ணும்போதே ஓடுது."

"ஓடறது உன் கண்ணுடா. பத்து. நடுவுல கொஞ்சம் நீளமா இருக்கறது அஞ்சு. அதைப் புடிச்சுக்கோ, அதுலேர்ந்து முன்னாடி பின்னாடி போ."

அண்ணிக்கு ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டது. துணி வெட்டித் தைக்கிறவள். டேப்பின் கோடுகள் அவளுக்குப் பழக்கம். "அடச்சீ, இதுவும் அதேதானா!" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரின் ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டு அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அவர் தன் பக்கத்தில் இருந்தவருக்கு. இதற்கும் ஒரு படிக்கட்டு வந்துவிடுமோ என்று மில்லிக்குப் பயம். எழுந்து போய் ஒவ்வொருவரிடமும் ஒரு பலகையைக் கொடுத்து அளந்து சொல்லச் சொன்னாள். கடைசி ஆளும் முதல் ஆளும் ஒரே எண்ணைச் சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு. இன்னொரு பலகை. முந்நூற்று எண்பத்தேழு. அளந்தவர் எல்லார் வாயிலிருந்தும் ஒரே எண்! பலகை நகலாகும்போது கோணியது. படிப்பு நகலாகும்போது கோணவில்லை. தவறாகச் சொன்னால் ஸ்கேலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தரகர் மட்டும் மடியில் இருந்த ஸ்கேலைத் தொடவில்லை. "எனக்கு விரல் சொல்லும்," என்றார்.

"சொல்லும்ணே, அது நிஜம்தான். ஆனா உங்க விரலை நான் எப்படி எடுத்து மத்தவங்களுக்கு மாட்டுவேன்?"

அவர் இழைப்புளியின் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒன்பது மேசைதான் முடிந்தது. பெரியண்ணன் ஒன்பதையும் மூன்று தடவை எண்ணினார், எண்ண எண்ணக் கூடும் என்பதுபோல. ராத்திரிச் சாப்பாட்டில் மில்லி வெறும் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன், வார்னிஷ் பூசுகிறவர், குழம்புக் கரண்டியை அவள் தட்டின் மேல் பிடித்துக்கொண்டு, "இதை ஊத்தட்டுமா, இல்ல அளந்து ஊத்தட்டுமா?" என்றார். அந்தக் கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை பதினாறு. இரண்டு ரம்ப மேசைகளிலும் தடுப்புக் கட்டைகள் வந்துவிட்டன. அடையாளம் போடும் பெஞ்சில் இருந்த ஆறு பேருக்கும் இனி அங்கே வேலை இல்லை. இருவர் பலகை தள்ளினார்கள், நால்வர் சட்டம் பூட்டப் போனார்கள். யார் கையில் ஒரு பலகை வந்தாலும், பூட்டுவதற்கு முன்னால் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்கள். "அண்ணே, கட்டை ஒரு மில்லி நகர்ந்திருக்கு!" என்று அவசரமே கத்தினான். பத்துப் பலகை வீணாவதற்குள் கட்டை திருகப்பட்டது. முன்பெல்லாம் இப்படி ஒரு தவறு மூன்று நாள் கழித்துத் தரகரின் காலடியில்தான் தெரியவரும்.

வெள்ளி இருபத்திரண்டு. சனிக்கிழமை காலையிலேயே பட்டறைக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. மேசைகள் வரிசையாக எழுந்து நின்றன. மதியத்துக்குள் இருபது சட்டம், மூன்று மணிக்குள் இருபத்தொன்பது! கொட்டகையில் நடக்க இடமில்லை. ஆனால் இழுப்பறைகள் தரகரின் பெஞ்சருகே மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. அவர் பழையபடி ஒவ்வொன்றையும் எடுத்து, தடவி, செருகி, எடுத்து, இரண்டு சீவு சீவி, மறுபடி செருகி, எண் எழுதிக்கொண்டிருந்தார். சீவத் தேவையில்லாததையும் பழக்கதோஷத்தில் தலைமுடி அளவு சீவினார். பதினான்கு மேசைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பதினைந்து மேசைகள் காத்திருந்தன.

"கல்யாணம் ஆனதுதான் கணக்கு," என்றார் பெரியண்ணன். "பேச்சு பேச்சா இருக்கணும்."

அப்போதுதான் லாரி வந்தது, ஒரு மணி நேரம் முன்னதாகவே. ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தனக்கு இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்று கத்தினார். பெரியண்ணன் அவரைச் சமாதானப்படுத்த வாசலுக்குப் போனார். மில்லி பின்கட்டில் வார்னிஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரகர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். எல்லாம் சேர்ந்து ஒரு பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவசரம், தன்னோடு எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, இருபத்தொன்பது மேசைகளையும் லாரியில் ஏற்றிவிட்டான். இழுப்பறையோடு தூக்கினால் கனம் என்று எல்லாவற்றையும் உருவி எடுத்தான். கல்யாணம் ஆனது, ஆகாதது எல்லாம் ஒன்றாக, ஐம்பத்தெட்டு இழுப்பறைகளும் லாரியின் மூலையில் ஒரே குவியல். ஒன்றோடு ஒன்று உரசியதில் சாக்பீஸ் எண்கள் வெள்ளைப் புகையாகப் பறந்துகொண்டிருந்தன.

தரகர் சொம்போடு வந்து பார்த்தார். சொம்பு கையிலேயே நின்றது.

"பாவி," என்றார் மெதுவாக. "அடப் பாவி! இருபத்தொன்பது குடும்பத்தையும் ஒரே நேரத்துல பிரிச்சிட்டியேடா!"

பெரியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டைப் பிரித்து ஜோடி கண்டுபிடிக்கத் தரகருக்கு ஒன்றரை நாளாகும். லாரி அவ்வளவு நேரம் நிற்காது. இன்றைய கணக்கு பூஜ்யம். அவசரத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "அக்கா, நான் உனக்காகத்தான்... சீக்கிரம் போனா எண்ணிக்கை கூடும்னு..." என்று குழறினான்.

மில்லி அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது தெரிந்துவிடும். இந்த நான்கு நாளும் அவள் சொன்னதெல்லாம் நிஜமா, இல்லையா என்று இந்த லாரியிலேயே தெரிந்துவிடும். புடவையைச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். குவியலின் மேலே இருந்த இழுப்பறையை எடுத்தாள். எது என்று பார்க்கவில்லை. அருகில் இருந்த மேசையின் வாயில் வைத்துத் தள்ளினாள்.

சர்ரென்று போய் டப்பென்று நின்றது.

இன்னொன்றை எடுத்தாள். இன்னொரு மேசை. சர்ர், டப்.

"சின்னண்ணே! ஏறுங்க! நீங்களே போட்டுப் பாருங்க!"

தரகர் ஏறினார். கையில் இழைப்புளி இருந்தது. ஓர் இழுப்பறையை எடுத்து வழக்கம்போல ஓரத்தைத் தடவினார். முகம் மாறியது. அடுத்ததைத் தடவினார். அடுத்ததை. பிறகு இழைப்புளியை லாரியின் தரையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் செருகினார். உள்ளே போயிற்று. அதையே உருவி எதிர் மேசையில் செருகினார். அங்கேயும் போயிற்று!

"அடேய்," என்றார். "இதுங்க எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்கடா!"

அவ்வளவுதான், பட்டறையே லாரியில் ஏறிவிட்டது. அண்ணி ஒரு பக்கம், மாப்பிள்ளைகள் ஒரு பக்கம், ஆளுக்கு ஓர் இழுப்பறை, கையில் கிடைத்த மேசை. சர்ர், டப்! சர்ர், டப்! ஓட்டுநர் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வந்து அவரும் இரண்டைச் செருகிப் பார்த்தார். "இதுல என்ன அதிசயம்? எல்லா மேசையும் இப்படித்தானே இருக்கும்?" என்றார். பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் அவருக்கு விளக்க ஆரம்பித்ததில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்றே மூன்று மட்டும் முட்டிக்கொண்டன. மில்லி ஸ்கேலை வைத்தாள். ஐந்து மில்லி கூடுதல். "இது செவ்வாய்க்கிழமைப் பலகை. பழைய சரக்கு கலந்துடுச்சு." தரகர் அந்த மூன்றையும் வாங்கி, லாரியின் விளிம்பில் உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் சீவிப் பொருத்தினார். ஒரு சீவு கூடுதலாகச் சீவவில்லை.

பெரியண்ணன் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு உப்புத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதன் முதுகில் பென்சிலால் எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"பத்தொன்பது பேரு, இருபத்தொன்பது," என்றார். "ஆளுக்கு ஒண்ணரை."

"அன்னைக்கு ரெண்டு இருந்துச்சுண்ணே. இன்னும் அரை பாக்கி இருக்கு," என்றாள் மில்லி.

"அந்த அரை எங்க இருக்கு?"

"தெரியல. முகப்புப் பலகையும் நடுச்சட்டமும்தான் எனக்குத் தெரிஞ்சுது. வரைபடம் படிக்கறது அடுத்த மாசம்தான் சொல்லித்தருவாங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாரியை, பிறகு கொட்டகைக்குள் வெறிச்சோடிக் கிடந்த அடையாள பெஞ்சுகளை. "அலமாரி கேட்டாங்க ஒருத்தங்க," என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. "கதவு பொருத்த நமக்குப் பத்துத் தரகர் வேணுமேன்னு வேண்டாம்னுட்டேன். ஆளு இருக்கு. இப்ப நமக்கு ஆளு இருக்கு!" சட்டென்று குரல் உயர்ந்தது. "திங்கக்கிழமை நீ போ. ஆனா தனியாப் போகாதே. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தா என் பட்டறை நின்னுபோயிடும். இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் போ."

"நான் போறேன்," என்றாள் அண்ணி, யாரும் வாயைத் திறப்பதற்குள்.

"நீ போனா பசை பெஞ்சை யாரு பார்க்கிறது?"

"நான் பார்க்கிறேன்," என்றார் தரகர். கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எனக்குத்தான் இனிமே நேரம் இருக்கே. பசை தடவறதுக்கு ஸ்கேல் வேண்டாம்ல?"

"எவ்வளவு தடவணும்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குண்ணே."

"ஐயையோ!" என்றார் அவர். ஆனால் சிரித்தார்.

திங்கட்கிழமை இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நாத்தனாரும் அண்ணியும் பயிற்சிக் கூடத்தின் ஜன்னலருகே நின்றார்கள். உள்ளேயிருந்த எழுத்தர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். மில்லியின் பெயருக்கு நேரே நான்கு சிவப்புப் புள்ளிகள். ஐந்தாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"வந்துட்டேன் சார்."

அவர் கறுப்பு மையில் ஒரு டிக் போட்டார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"இவங்க?"

"என் அண்ணி. இவங்களும் சேரணும்."

"இடம் இல்லையேம்மா. முப்பத்திநாலு நாற்காலி, முப்பத்திநாலு பேரு."

"நாற்காலி எனக்கு வேண்டாம்," என்றாள் அண்ணி. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சு முன்னாடி நின்னுதான் வேலை பார்க்கிறேன். பின்னாடி சுவரோரமா நின்னுக்கிறேன்."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லைங்க."

"வரிசையில பேரை எழுதிக்கோங்க சார். என் முறை வர்ற வரைக்கும் நிக்கிறேன். நின்னா காது கேட்காதா?"

எழுத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கையில் இரும்பு ஸ்கேலோடு, மில்லிக்கு முன்னால் உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள்.